ஐந்தில் வளைய வேண்டியது எது?

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று கேட்காத தமிழ்ப் பெற்றோர் இல்லை. பிள்ளை வளர்ப்புக்குச் சொல்லப்பட்ட இந்தப் பழமொழியை அண்மைக் காலமாக நான் வேறோர் இடத்தில் அடிக்கடி கேட்கிறேன். ஓட்டத்திற்கென்றே நாய்க்குட்டி வாங்கி வளர்க்கும் நம் இளைஞர்கள், “சின்னதிலேயே ஓடப் பழக்கினால்தானே டாக்டர், பெரிசானால் வேகம் வரும்?” என்று கேட்டுவிட்டு, துணைக்கு இந்தப் பழமொழியையும் அழைத்துக்கொள்கிறார்கள். பழமொழி பொய் சொல்லவில்லை. ஆனால், ஐந்தில் வளைய வேண்டியது எது என்பதில்தான் நமக்குத் தெளிவு இல்லை. குணமா, எலும்பா? இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

நான் மலாக்கா மாநிலத்தில், ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். இக்கழகத்தின் முன்னாள் உறுப்பினன். கால்நடை மருத்துவம் பயின்று இப்போது மலாக்கா நகரில் தொழில் செய்கிறேன். ஆண்டு மலரில் மொழி, இலக்கியம், சமுதாயம் என்று எழுதுவதுதான் வழக்கம். நாயைப் பற்றி எழுதுவதா என்று சிலர் புருவம் உயர்த்தலாம். நம் வீட்டு வாசலில் நடப்பதும் நம் சமுதாயத்தின் கதைதான் என்பது என் தாழ்மையான கருத்து.

தோட்டத்து நாயும் தாமான் நாயும்

மலாயாவில் இரப்பரை முதன்முதலில் வணிகப் பயிராக நட்டது மலாக்காவில்தான். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்ட மரங்களிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. மரம் வந்த இடத்திற்கெல்லாம் தமிழன் வந்தான்; தமிழன் வந்த லயத்திற்கெல்லாம் நாயும் வந்தது. அந்த நாய்களுக்கு இனப்பெயர் கிடையாது. மணி, கறுப்பன், டைகர் என்று கூப்பிடும் பெயர் மட்டும் உண்டு. விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவரின் பின்னால் அது நடக்கும்; பாம்பைக் கண்டால் குரைக்கும்; மரவள்ளிக் கொல்லையில் காட்டுப்பன்றி புகுந்தால் துரத்தும். அதற்கு யாரும் பயிற்சி கொடுத்ததாக நினைவில்லை. நாள் முழுதும் அவிழ்த்துவிட்ட வாழ்க்கையே அதற்குப் பயிற்சியாக இருந்தது.

பிறகு இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. நம் குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. மனிதன் தொலைத்த அதே திடலை நாயும் தொலைத்தது. இன்று வாசல் இரும்புக் கதவுக்கும் காருக்கும் இடையில் உள்ள சிமெண்டுத் தரையே அதன் உலகம். அதே வேளையில் கைத்தொலைபேசித் திரையில் வேறோர் ஆசை வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும் பஞ்சாபின் கிரேஹவுண்டும் புழுதி பறக்க ஓடும் படங்களைப் பார்த்து, “நமக்கும் ஒன்று வேண்டும்” என்று கிளம்பிய இளைஞர்கள் சிலரை நான் அறிவேன். அந்த ஆசையை நான் குறை கூறவில்லை. ஓடும் நாயின் அழகில் மயங்காதவன் யார்? ஆசைப்பட்டவர்கள் அந்த உடலை அறியாமல் இருப்பதே என் வருத்தம்.

ஓடப் பிறந்த உடல்

கிரேஹவுண்ட் வேகத்திற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம். மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் வேகத்தை அது எட்டும். 500 மீட்டர் தூரத்தை ஏறத்தாழ 30 வினாடியில் கடக்கும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை அதன் நான்கு கால்களும் தரையை விட்டு எழுகின்றன. ஒருமுறை உடல் வில்லாகக் குறுகும்போது, மறுமுறை அம்பாக நீளும்போது. உடல் எடையோடு ஒப்பிட்டால் மற்ற நாய்களைவிட அதன் இதயம் பெரியது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதமும் அதிகம். தோலுக்கடியில் கொழுப்போ மிகக் குறைவு.

சிப்பிப்பாறையும் கன்னியும் இதே வகையைச் சேர்ந்தவை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பித் துரத்துபவை. தென் தமிழ்நாட்டுக் கரிசல் காட்டில் முயல் வேட்டைக்குப் பேர் போனவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்த வேட்டை குற்றமாயிற்று; நாய்க்கு வேலை போயிற்று. வேலை போன நாய்க்கு அழிவு நெருங்கும் என்பது எல்லா நாட்டிலும் உண்மை. அந்த இனங்கள் காப்பாற்றப்பட வேண்டும் என்று சு. தியடோர் பாஸ்கரன் போன்றோர் தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் இராஜபாளையம் நாயும் இடம்பெற்றபோது நாட்டு நாய்க்கு ஒரு மரியாதை கிடைத்தது. நம் இளைஞர்கள் இவ்வினங்களை நாடுவதில் அந்தப் பெருமையும் கலந்திருக்கிறது. பெருமைப்படுவது நல்லதே. ஆனால், பெருமைக்குரிய பொருளை உடைத்துவிட்டு எதைக் கொண்டு பெருமைப்படுவது?

வில்லான கால்

கிளினிக்குக்கு வந்த ஒரு குட்டியைப் பற்றிச் சொல்கிறேன். வயது ஏழு மாதம். நீண்ட கால், ஒடுங்கிய வயிறு, பளபளக்கும் தோல். வளர்த்த இளைஞர் தொழிற்சாலையில் வேலை செய்பவர். தமக்குக் கோழி வாங்காவிட்டாலும் நாய்க்கு வாங்குகிறவர். பாலும் முட்டையும் போதாதென்று சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளையும் அள்ளிக் கொடுத்திருந்தார். நான்கு மாதத்திலிருந்து தினமும் மாலையில் குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட விட்டிருக்கிறார்.

“ஒரு மாதமாக முன்னங்கால் கொஞ்சம் வளைந்த மாதிரி தெரியுது டாக்டர். எண்ணெய் தேய்த்தால் சரியாகுமா?” என்றார்.

எக்ஸ்ரே எடுத்துக் காட்டினேன். “தம்பி, இது தசையில் வந்த கோளாறு இல்லை. எலும்பு வளர்கிற இடமே நசுங்கிவிட்டது” என்றேன். அவர் முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை. அவர் கொடுமைக்காரர் அல்லர். அளவுக்கு மீறிய அக்கறைதான் அந்தக் காலை வளைத்தது.

இதன் காரணத்தை எளிமையாகச் சொல்கிறேன். குட்டியின் நீண்ட எலும்புகளின் முனைக்கு அருகில் வளர்தட்டு என்ற மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். முற்றிய எலும்பைவிட அது மிக மென்மையானது. முன்னங்காலில் இரண்டு எலும்புகள் இணையாக வளர்கின்றன. மணிக்கட்டுப் பக்கம் அவற்றுள் ஒன்றின் வளர்தட்டு நாய்களில் கூம்பு வடிவில் அமைந்திருக்கிறது. பக்கவாட்டில் விழும் அடிகூட அந்தக் கூம்பு வடிவத்தால் நசுக்கும் விசையாக மாறிவிடுகிறது. நசுங்கிய தட்டு நேரத்திற்கு முன்பே மூடிக்கொண்டால், அந்த எலும்பு நின்றுவிடும். பக்கத்து எலும்பு தொடர்ந்து வளரும். ஒன்று நாணாக இழுக்க, மற்றொன்று வில்லாக வளையும். அப்படி வளைந்த காலை நிமிர்த்த எலும்பை அறுத்துச் செய்யும் அறுவைச் சிகிச்சைதான் வழி. அதன் பிறகும் பந்தய ஓட்டம் கனவுதான்.

பெரிய உடல்வாகு கொண்ட நாய்களுக்கு இந்த வளர்தட்டுகள் முழுதாக மூட ஏறக்குறைய ஓராண்டு ஆகும். சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும். நல்ல தீவனம் உண்ணும் குட்டிக்குக் கூடுதலாகச் சுண்ணாம்புச் சத்து கொடுத்தால் எலும்பு உறுதிப்படும் என்பதும் தவறு. வளரும் குட்டிக்கு அது மிகுந்தால் எலும்பின் வளர்ச்சியே கோணிப்போகும். ஆக, ஐந்தில் எலும்பை வளைத்தால் அது வளைந்தே நிற்கும். பழமொழி அந்த வகையில் கொடூரமாக மெய்ப்படுகிறது!

அப்படியானால் எதை வளைப்பது?

முதல் நான்கு மாதம் குணத்தின் காலம். குட்டி பிறந்து மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை அதன் மனம் திறந்த கதவு. அந்தக் கதவு வழியே உள்ளே போனதெல்லாம் அதற்கு உறவு. பிறகு வந்ததெல்லாம் அந்நியம். தகரக் கூரையில் விழும் மழைச் சத்தம், பள்ளிவாசலின் பாங்கு ஓசை, கோயில் திருவிழாவின் உறுமி மேளம், தீபாவளிப் பட்டாசு, செம்பனைக் குலை ஏற்றிய லாரி, சைக்கிள் ஓட்டும் சிறுவர்கள், குடை பிடித்த கிழவி, எல்லாவற்றையும் அச்சமின்றிப் பார்க்கவும் கேட்கவும் வைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகள் பதினாறாவது வாரம் அளவில்தான் முழுமை பெறும். ஆகவே அதுவரை மற்ற நாய்கள் நடமாடும் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம். பாதத்தைத் தொட்டுப் பார், காதைத் திருப்பிப் பார், வாயைத் திறந்து பார். பின்னாளில் மருத்துவருக்கும் பயிற்றுநருக்கும் அந்தப் பழக்கம் பெரிய உதவி. பெயர் சொல்லி அழைத்தால் ஓடி வர வேண்டும். வந்தால் ஏதேனும் தின்னக் கிடைக்க வேண்டும். கழுத்துப்பட்டை அணிய வேண்டும். இவ்வளவே போதும். இவை எதற்கும் ஒரு மீட்டர்கூட விரட்டி ஓட்ட வேண்டியதில்லை.

நான்காம் மாதம் முதல் பன்னிரண்டாம் மாதம் வரை விளையாட்டின் காலம். ஆஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் பந்தய நாய் வளர்ப்போர் இந்தப் பருவத்தில் குட்டிகளை நீண்ட வேலியிட்ட புல்வெளிகளில் உடன்பிறப்புகளோடு விட்டுவிடுகிறார்கள். குட்டி தானாக ஓடும், தானாக நிற்கும், சகோதரனை இடித்துத் தள்ளும், திரும்பும், விழும், எழும். களைத்தால் படுத்துக்கொள்ளும். இந்தத் ‘தானாக’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தானாக ஓடும் குட்டி வலித்தால் நிற்கும். மோட்டார் சைக்கிளில் கட்டிய குட்டியால் நிற்க முடியாது. நம்மூரில் அவ்வளவு நிலத்திற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உறவினரின் வேலியிட்ட டுரியான் தோப்போ, உரிமையாளரின் அனுமதி பெற்ற புல்தரையோ வாரத்தில் மூன்று நான்கு நாள் கிடைத்தாலும் போதும். தாரும் சிமெண்டும் வேண்டா. மென்மையான மண் வேண்டும்.

பன்னிரண்டு மாதம் நிறைந்த பிறகே பயிற்சியின் காலம். முதலில் கயிற்றில் பிடித்து நடை. கால் மணி நேரத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டலாம். பிறகு கயிற்றில் கட்டி இழுக்கும் துணிப்பொம்மையைத் துரத்தும் நேர்கோட்டு ஓட்டம். நூறு நூற்றைம்பது மீட்டர் போதும். பந்தய நாடுகளில் ஓட்டப் பெட்டிக்குள் நிற்கவும், கதவு திறந்ததும் பாயவும், இரைப்பொம்மையைத் தொடரவும் நான்கு முதல் ஆறு வாரம் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்றது உடலில் படிய, அதன் பிறகு சில வாரம் ஓய்வு விடுகிறார்கள். வளைவு ஓட்டம் கடைசியில்தான். பந்தயத் தடத்தில் நாய்கள் இடப்பக்கமாகவே திரும்பி ஓடுகின்றன; வளைவில் வெளிப்பக்கத்து வலது பின்னங்காலின் கணுவுக்குப் பெரும் சுமை விழுகிறது. பந்தய நாய்களுக்கு அந்தக் கணு எலும்பு முறிவது அடிக்கடி நேரும் காயம். பிரிட்டனில் 15 மாதம் நிறையாத நாயைப் பந்தயத்தில் விட விதி இடந்தராது. பணத்திற்காக நாய் ஓட்டுகிறவர்களே 15 மாதம் காத்திருக்கும்போது, பாசத்திற்காக வளர்க்கும் நமக்கு நான்காம் மாதத்தில் என்ன அவசரம்?

குறுந்தூரக்காரனுக்கு நெடுந்தூரம் எதற்கு?

வளர்ந்த நாய்க்குக்கூட அந்த ஐந்து கிலோமீட்டர் பொருந்தாது. கிரேஹவுண்ட் அரை நிமிட வீரன். அதன் தசைகளில் பெரும்பகுதி விரைவாகச் சுருங்கி விரைவாகக் களைக்கும் வகையைச் சேர்ந்தது. நம் நாட்டின் டான்ஸ்ரீ டாக்டர் மணி ஜெகதீசனை நினைத்துப் பாருங்கள். 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்றவர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி அவர் படைத்த தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. அதை 20.90 வினாடியில் முறியடித்தவர் நம் மலாக்காவின் கைருல் ஹாஃபிஸ் ஜந்தான். இவர்களைப் போன்ற குறுந்தூர வீரர்களைத் தினமும் நெடுந்தூரம் ஓட வைத்து யாராவது உருவாக்குவார்களா?

கடும் ஓட்டம் வாரத்தில் ஒன்றிரண்டு முறை போதும். நடுவில் உள்ள நாள்களில் நடையும் தசை நீவுதலும் உறக்கமும் வேண்டும். முழு வேகத்தில் ஓடிய தசையில் நுண்ணிய சேதங்கள் ஏற்படுகின்றன. ஓய்வில்தான் அவை ஆறி, முன்னைவிட வலுப்பெறுகின்றன. ஓய்வு தராமல் ஓட்டினால் தசை சிதைந்து சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும் நிலைகூட வரும். அப்போது சிறுநீரகத்திற்கே ஆபத்து.

நம் வெயிலையும் மறக்கக்கூடாது. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, ஈரத்தை ஆவியாக்கியே உடலைக் குளிர்விக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் மலாக்காவில் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். குளிர்நாட்டுப் பயிற்சி அட்டவணையை அப்படியே இங்கே பின்பற்றினால் நாய் பிழைக்காது. விடியலில் வெயில் ஏறும் முன் பயிற்சியை முடித்துவிட வேண்டும். ஓடிய நாய் தள்ளாடினால், ஈறு செங்கல் நிறமானால், முதலில் உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அதன் பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். குளிர்வித்தல் முதலில், வண்டி பிறகு.

இன்னொன்று. ஓட்டம் திடீரென்று மந்தமானால் சோம்பல் என்று அடிப்பவர்களைப் பார்க்கிறேன். உண்ணிக் காய்ச்சலும் கொசுவால் பரவும் இதயப்புழுவும் நம் நாட்டு நாய்களுக்கு அடிக்கடி வருபவை. இரண்டும் முதலில் திருடுவது மூச்சையும் வேகத்தையும்தான். கம்பை எடுக்கும் முன் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

உயிருள்ள இரை வேண்டுமா?

‘இரத்தச் சுவை காட்டினால்தான் நாய்க்கு வெறி ஏறும்’ என்பது இன்னொரு மூடநம்பிக்கை. 1926ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் மான்செஸ்டர் நகரின் பெல் வியூ திடலில் பிரிட்டனின் நவீன நாய்ப் பந்தயம் தொடங்கியபோதே நாய்கள் துரத்தியது இயந்திர முயலைத்தான். ஓடும் பொருளைத் துரத்துவது அந்த இனத்தின் பிறவிக் குணம். காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பையைக்கூட அது துரத்தும். ஆனாலும், 2015 பிப்ரவரியில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஒன்று, உயிருள்ள பன்றிக்குட்டிகளையும் முயல்களையும் கட்டி இழுத்து நாய்களைப் பழக்குவதைப் படம் பிடித்துக் காட்டியபோது அந்நாடே அதிர்ந்தது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் அமலுக்கு வந்தது. விலங்கு வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் அதில் உண்டு. சட்டத்திற்கு அஞ்சி மட்டும் இதை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உயிரைக் கிழித்துப் பழகிய நாய் நாளை தாமானில் பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்க்கும்போது எப்படிப் பார்க்கும் என்பதையும் எண்ண வேண்டும்.

அண்டை வீட்டைப் பற்றிய பேச்சு இங்கே தேவையானதே. நம் தாமான்களில் பலதரப்பட்டவர் கலந்து வாழ்கிறோம். நாயின் எச்சில் படுவது இஸ்லாமிய அன்பர்களுக்குச் சமயம் சார்ந்த சங்கடம். உரிமம் எடுத்து, கயிற்றில் பிடித்து, அழைத்த குரலுக்குத் திரும்பும் நாயோடு வெளியே போகிறவரிடம் யாரும் சண்டைக்கு வருவதில்லை. அவிழ்த்துவிட்ட வேட்டை நாய் ஒன்று நோன்புக் கடைத்தெருவில் ஓடினால், கெட்ட பெயர் அந்த நாய்க்கு மட்டும் வருவதில்லை. நாயின் ஒழுக்கத்தில் நம் ஒழுக்கமும் தெரிகிறது. ஐந்தில் வளைய வேண்டியது இந்த ஒழுக்கமே.

மறுப்போருக்கு

“எங்கள் தாத்தா காலத்தில் எந்த நாய்க்கு அட்டவணை போட்டார்கள்? அவை பன்றியைத் துரத்தவில்லையா?” என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. நான் மேலே சொன்ன ‘தானாக ஓடும்’ வளர்ப்பு, தாத்தா காலத்துத் தோட்ட நாய்க்குத் தானாகவே கிடைத்தது. ஓடவும் நிற்கவும் அதற்கு உரிமை இருந்தது. மரத்தடி மண் அதன் தடம். லயத்துக் குட்டிகள் அதன் உடன்பிறப்புகள். இன்று இருபத்துமூன்று மணி நேரம் சங்கிலியிலும் ஒரு மணி நேரம் மோட்டார் சைக்கிளின் பின்னாலும் கழிக்கும் நாயைக் காட்டித் தாத்தாவைச் சாட்சிக்கு அழைப்பது தாத்தாவுக்குச் செய்யும் அநியாயம். பழைய முறைக்குத் திரும்பு என்றுதான் நான் சொல்கிறேன். புதிய முறையைத் திணிக்கவில்லை.

“சமுதாயத்தில் ஆயிரம் பிரச்சினை இருக்க, நாய்க்கு இவ்வளவா?” என்பது இரண்டாவது மறுப்பு. பிரச்சினைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால், பொறுமையாகக் காத்திருந்து ஓர் உயிரை வளர்த்த இளைஞன், அந்தப் பொறுமையை வாழ்வின் மற்ற இடங்களுக்கும் எடுத்துச் செல்வான் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். மாலைப் பொழுதில் ஒரு குட்டிக்காக வீடு திரும்பும் பையனைத் தெருமுனைக் கூட்டம் எளிதில் பிடித்துக்கொள்வதில்லை.

தோற்ற நாய் யாருடையது?

கடைசியாக, மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க இயலவில்லை. பந்தயம் பெருந்தொழிலான நாடுகளில் தோற்ற நாய்களுக்கு என்ன ஆயிற்று? நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு அமைத்த மெக்ஹியூ விசாரணை ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு அறிக்கையைப் படியுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே பிறந்த 97,783 கிரேஹவுண்ட் நாய்களில் குறைந்தது பாதி, வேகம் போதவில்லை அல்லது பந்தயத்திற்குத் தகுதியில்லை என்பதற்காகக் கொல்லப்பட்டிருக்கும் என்று அது கணித்தது. மக்காவ் நகரின் நாய்ப் பந்தயத் திடல் 2018 ஜூலையில் மூடப்பட்டபோது 500க்கும் மேற்பட்ட நாய்கள் அங்கேயே கைவிடப்பட்டிருந்தன. விலங்கு நல அமைப்பினர்தான் அவற்றுக்கு வீடு தேடினர். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில மக்கள் 2018இல் வாக்களித்து நாய்ப் பந்தயத்தை நிறுத்தினர். 2020ஆம் ஆண்டு இறுதியோடு அங்கே ஓட்டங்கள் ஓய்ந்தன. 2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசும் தன் நாட்டில் அதை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது.

ஒரு நூற்றாண்டு அனுபவத்திற்குப் பின் உலகம் இறக்கி வைக்கும் சுமையை நாம் புதிதாகத் தோளில் ஏற்ற வேண்டுமா? சூதாட்டப் பந்தயம் நம் பக்கம் தலைகாட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பணயம் வைத்த அன்றே காத்திருக்கும் பொறுமை செத்துவிடும். குட்டியின் வளர்தட்டைவிடச் சனிக்கிழமைப் பணயம் பெரிதாகத் தெரியும். ஆனால், ஓடுவதற்குப் பிறந்த நாயை மகிழ்ச்சிக்காக ஓட விடுவது வேறு. அதற்கு வெற்றி தோல்வி தேவையில்லை. துணிப்பொம்மையைப் பிடித்துவிட்டுப் பெருமிதத்தோடு திரும்பி வரும் நாய்க்குத் தான் எத்தனையாவது இடம் என்று தெரியாது.

ஓட்ட நாயின் உச்சகாலம் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். அதன் ஆயுளோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். எஞ்சிய ஆண்டுகளில் அது சோபாவுக்கு அடியில் உறங்கும் சாதுவான பிராணி. ஆகவே, குட்டி வாங்க நினைக்கும் தம்பி தங்கையரிடம் நான் ஒன்றைத்தான் கேட்கிறேன்: “இது ஓடாவிட்டால், இது யார் வீட்டு நாய்?” ‘எங்கள் வீட்டு நாய்’ என்று தயங்காமல் சொல்ல முடிந்தவர்கள் மட்டும் வாங்குங்கள். அதற்குப் பின் ஓராண்டு காத்திருங்கள். குணத்தை வளையுங்கள்; எலும்பை வளர விடுங்கள். வேகம் தன் நேரத்தில் தானாக வரும். வராவிட்டாலும், வாசலில் வாலாட்டிக்கொண்டு ஓர் உயிர் உங்களுக்காகக் காத்திருக்கும்.